அடிப்பிடித்த வாடை

“ஐஸ்கிரீம் இன்னைக்குப் போட்டதா?” என்று அவள் கேட்டாள்.

“இன்னைக்கு இல்லம்மா, இப்போ. மெஷினே இன்னும் நிக்கல. சத்தம் கேக்கலையா?”

“கேக்குது.”

“எது வேணும்? பால் இருக்கு, வெறும் பால் இருக்கு, அப்புறம் பால் மட்டும் இருக்கு.”

“மெதுவா யோசிச்சுச் சொல்லும்மா, அவசரமில்லை,” என்றார் கல்லாவில் இருந்தவர்.

“பால்,” என்றாள்.

ஐஸ்கிரீம் போடுகிற பெண்மணி கிண்ணத்தை வைத்துவிட்டு நகரவில்லை. முதல் கரண்டி வாய்க்குள் போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “அடிப்பிடிச்ச வாடை வருதா?”

“இல்லையே.”

“நல்லாப் பாத்துச் சொல்லு. சளி கிளி இல்லையே உனக்கு?”

“இல்லை. நல்லா இருக்கு அக்கா.”

“எனக்கு வருதே,” என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனாள்.

“கண்டுக்காதேம்மா,” என்றார் கல்லாக்காரர். அவர் அக்காவின் கணவர். “வர்றவங்க எல்லார்கிட்டயும் இதே கேள்விதான்.”

அவர்களுடைய முதல் பேச்சு அவ்வளவுதான்.

அவள் அடுத்த தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். அவளுக்கு இருந்த ஒரே பித்து, சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் அங்கேயே கடைந்து கொடுக்கிற ஐஸ்கிரீம். டப்பாவில் கல்லாய் இறுகிக் கரண்டியை வளைக்கும் சரக்கு அவளுக்கு ஆகாது. இயந்திரத்தின் துடுப்பிலிருந்து வழித்துப் போட்டதும் சாப்பிட வேண்டும். அதற்குக் குழைவு இருக்கும், பாலின் ருசி இருக்கும். இப்படிப்பட்ட கடைகள் பலகை வைப்பதில்லை. மத்தியானக் கூட்டம் வடிந்த பிறகு தெருவில் நடந்தால், பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு அடியில் ஒரு மோட்டார் முனகுவது கேட்கும். அந்த முனகலைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கடைக்கும் வந்து சேர்ந்தாள்.

பிறகு அடிக்கடி வந்தாள். அக்கா அவளுக்குக் ‘கண்ணாடி’ என்று பெயர் வைத்துவிட்டாள். சமையலறைக் கதவை ஒட்டிய மேசை அவளுடையதாயிற்று. அங்கிருந்து எல்லாம் கேட்கும். அக்கா உள்ளே யாருடனோ பேசுவாள். “சரி, சரி, கிளறிட்டுத்தானே இருக்கேன்.” ஒருநாள் கை கழுவப் போகிற சாக்கில் கண்ணாடி எட்டிப் பார்த்தாள். அடுப்பு, அகலமான பாத்திரம், அக்கா. வேறு யாரும் இல்லை. பின்னறைக் கதவு மட்டும் ஒருக்களித்துத் திறந்திருந்தது.

சில நாட்களில் கடைக்குப் பக்கத்துச் சாக்கடையில் வெள்ளையாகத் தண்ணீர் ஓடும். காய்ச்சிய பாலை அக்கா கொட்டியிருக்கிறாள் என்று அர்த்தம். அன்றைக்கு ஐஸ்கிரீம் கிடையாது. வாரத்தில் ஒருநாள் கொட்டிக்கொண்டிருந்தவள் நாளாக நாளாக ஒன்றுவிட்டு ஒருநாள் கொட்ட ஆரம்பித்தாள்.

“நல்ல பாலு,” என்று கல்லாக்காரர் கண்ணாடியிடம் முறையிட்டார். “நான் மோந்து பாத்துச் சொல்லலாம்னா, பொடி போட்டுப் போட்டு என் மூக்கு செத்துப் பல வருஷம் ஆச்சு. டாக்டர்கிட்ட காட்டினோம். மூக்குல கோளாறு இல்லை, இல்லாத வாடை சில பேருக்கு வரும், தானா போனாலும் போகும்னாரு. திங்கிற எல்லாமே தீஞ்ச மாதிரிதான் இருக்காம் இவளுக்கு.” பிறகு சமையலறையைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். “இன்னும் ஒரு தடவை கொட்டினா மெஷினை வித்துடுவேன். டப்பா ஐஸ்கிரீம்காரன் ஃப்ரீசர் பொட்டியை சும்மாவே வெச்சுட்டுப் போறேங்கிறான்.”

“வித்துட்டு நான் என்ன பண்ண? உங்க மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருக்கவா?” என்று உள்ளிருந்து பதில் வந்தது. “அது நானும் சின்னவளும் வாங்கின மெஷின்.”

சின்னவள் அக்காவின் தங்கை. இப்போது இல்லை. அவளைப் பற்றி அந்தக் கடையில் அதற்கு மேல் யாரும் பேசிக் கண்ணாடி கேட்டதில்லை.

அதன் பிறகு அக்கா பாலைக் கொட்டவில்லை. யாரையும் கேட்கவும் இல்லை. வாடை வந்தால் அது பொய் வாடை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, உதட்டை இறுக்கி மூடியபடி கடைந்தாள். கிண்ணத்தை மேசையில் வைத்த கையோடு திரும்பிவிடுவாள். இயந்திரம் தினமும் ஓடியது. கல்லாக்காரர் முகம் தெளிந்தது.

அப்படியிருக்க ஒருநாள், முதல் கரண்டியிலேயே கண்ணாடிக்குத் தெரிந்துவிட்டது. பால் நிஜமாகவே தீய்ந்திருந்தது. தொண்டைவரை கசந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் குனிந்து மெல்ல மெல்லக் கிண்ணத்தைக் காலி செய்தாள்.

பக்கத்து மேசை லாரிக்காரருக்கு அந்தப் பொறுமை இல்லை. “அக்கா, பாலை அடுப்புல வெச்சுட்டு சினிமாவுக்குப் போயிட்டீங்களா?” என்று கேட்டுக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். கடையே சிரித்தது. இன்னும் இரண்டு மேசைகளில் கிண்ணங்கள் நகர்ந்தன.

அக்கா நேராகக் கண்ணாடியிடம் வந்தாள். காலிக் கிண்ணத்தைப் பார்த்தாள்.

“நீ சாப்பிட்டிருக்கியே.”

“ஆமா.”

“எப்படி இருந்துச்சு?”

“அடிப்பிடிச்சிருந்துச்சு.”

“ஏன் சொல்லலை?”

“நீங்க கேக்கலையே அக்கா.”

கல்லாவில் கணவர் போனை எடுத்து, பெட்டியை எப்போது கொண்டுவருவார்கள் என்று யாரையோ விசாரிக்கத் தொடங்கியிருந்தார். “எந்திரி, உள்ள வா,” என்றாள் அக்கா.

சமையலறையில் அவள் உட்காரச் சொல்லவில்லை. பால் பாத்திரத்தைக் கவிழ்த்து, அதன் அடியில் கையை வைத்துக்கொண்டு பேசினாள்.

“அன்னைக்கு சின்னவதான் பாலைக் கிளறிட்டிருந்தா. நான் காய் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தா ஒரே புகை, பால் தீஞ்சு கிடக்கு, இவளைக் காணோம். பின்னறையில படுத்திருக்கான்னு தெரியும். சோம்பேறி, மகாராணி, வாயில வந்ததெல்லாம் சொல்லி இங்க நின்னே திட்டினேன். பதிலே இல்லை. இருடி, உன்னை வெச்சுக்கிறேன்னு சொல்லிட்டு, கோவத்துல பாத்திரத்தைச் சுரண்ட உக்காந்துட்டேன். நல்லா பளிச்சுனு ஆகுற வரைக்கும் சுரண்டினேன். சுரண்டிட்டுத்தான் உள்ள போனேன்.”

கண்ணாடி பின்னறைக் கதவைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

“நெஞ்சடைப்புன்னாங்க. முதல்லயே போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு ஒருத்தரும் சொல்லலை. நானும் கேக்கலை. அப்புறம்தான் இந்த வாடை. வர்றப்பல்லாம் அவ உள்ள படுத்திருக்கிற மாதிரியே இருக்கும். ஓடிப் போய்ப் பாப்பேன், கட்டில்தான் கிடக்கும். தானா போயிடும்னு டாக்டர் சொன்னப்ப, எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? அந்த வாடையும் போயிட்டா, அப்புறம் அவ…”

அவள் முடிக்கவில்லை. வெளியே கணவர், “திங்கள்கிழமையா? சரி, சரி,” என்பது கேட்டது.

“மெஷினைத் தரமாட்டேன், கண்ணாடி. அதுக்கு ஒரு மூக்கு வேணும். அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. காலையில நீ இந்த வழியாத்தானே வேலைக்குப் போறே? பாலை இறக்குற நேரம் அது. உள்ள வந்து மோந்து பாரு. தீஞ்சிருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லு, கொட்டிடறேன். தீயலைன்னா, பால் நல்லா இருக்குன்னு சொல்லு, போதும். வாடையே இல்லைன்னு மட்டும் சொல்லிடாதே.”