ஜெனி காவல் காத்த தண்ணீர்

குலசேகரத்தில் இன்று என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் நடத்திய பரிசோதனை: வெயிலில் வைத்த தண்ணீர் சீக்கிரம் வற்றுமா, நிழலில் வைத்ததா?

இரண்டு தட்டுகளில் ஒரே அளவு தண்ணீர். முற்றத்து வெயிலில் வைத்த தட்டுக்கு மாணவி ஜெனியைக் காவல் வைத்தேன். "மத்தியானம் வந்து பாருங்க, வெயில் தட்டு காஞ்சு கிடக்கும்" என்று தலைமையாசிரியையிடம் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

மத்தியானம் அவரோடு போய்ப் பார்த்தால் நிழல் தட்டுதான் குறைந்திருக்கிறது. வெயில் தட்டின்மேல் பிளாஸ்டிக் தாள், சுற்றிலும் இறுக்கிக் கட்டிய கயிறு!

"மானம் கறுத்து வந்துச்சு டீச்சர். மழைத்தண்ணி விழுந்துரும்லா? ரப்பர் பால்ல மழைத்தண்ணி கலக்காம இருக்க எங்கப்பா மரத்துல இப்பிடித்தான் தாள் கெட்டுவாரு" என்றாள் ஜெனி.

தாளுக்கு அடியில் தொங்கிய நீர்த்துளிகளைத் தலைமையாசிரியை குனிந்து பார்த்தார்.

"ஆவி தண்ணியா மாறுகது அடுத்த பாடம்லா? அதையும் சேத்து நடத்திட்டியளே டீச்சர்!" என்றார்.

ஜெனிக்கு எந்தப் பாடத்தில் மார்க் போட, மக்கா?