செந்தமிழ்ச்செல்வி டோஃபல் எழுதப் போனது

செந்தமிழ்ச்செல்வி என் பெரியப்பா மகள். என்னைவிட ஆறு மாதம் மூத்தவள். வாடி போடி என்றுதான் பேசிக்கொள்வோம்; அக்கா என்று நான் கூப்பிட்டதில்லை, அவளும் எதிர்பார்த்ததில்லை. வடக்கனந்தலில் எங்கள் இரண்டு வீடும் எதிரெதிரே. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு வந்தவள், கல்யாணத்துக்குத் தலையாட்டாமல் அமெரிக்காவுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தாள். ஊரில் அதை ஏதோ தீராத வியாதி போல விசாரித்தார்கள்.

"இன்னா சுப்புராயா, உம் பொண்ணு இன்னும் படிச்சிக்கினுதான் இருக்குதா?"

"அதுக்கு மூள ஜாஸ்தி. இன்னா பண்றது?" என்பார் பெரியப்பா. சலித்துக்கொள்கிற மாதிரி இருக்கும், ஆனால் முகத்தில் பெருமை வழியும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் முதலில் பார்ப்பது இங்கிலீஷ் தெரியுமா என்பதைத்தான். அதற்கென்று டோஃபல் என்ற ஒரு பரீட்சை. பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்த செல்விக்குப் படிப்பதிலும் எழுதுவதிலும் பயமில்லை. காதால் கேட்டுப் பதில் எழுதும் பகுதியில்தான் உதறல். டேப்பில் அமெரிக்கர்கள் இரண்டு பேர் கடகடவென்று பேசிவிட்டுப் போய்விடுவார்கள், இரண்டாம் தடவை கிடையாது. அதற்காக விடிகாலையில் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு கரும்புத் தோட்டத்து மோட்டார் கொட்டகைக்குப் போவாள். துணைக்கு நான். வெளிநாட்டு நிலையம் ஒன்றைப் பிடித்துக் கேட்ட வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லிப் பழகுவாள்.

பெரியப்பா மடை மாற்றிக்கொண்டே, "தொர இன்னா சொல்றான்?" என்று கேட்பார். அவள் சொல்வாள். "இதுக்கா இப்படிப் பறக்கறான்?" என்று சிரிப்பார்.

உன்னைப் பற்றி நீயே எழுது என்று விண்ணப்பத்தில் ஒரு பகுதி இருந்தது. நான் கெட்டிக்காரி என்று நானே எப்படி எழுதுவது என்று கூச்சப்பட்டு நாலைந்து தாளைக் கிழித்தாள். கடைசியில் அவளுடைய பெருமைகளை நான் தமிழில் அவிழ்த்துவிட்டேன். அதில் பாதியை வெட்டிவிட்டு மீதியை இங்கிலீஷில் எழுதிக்கொண்டாள். அங்கிருந்து ஒரு பேராசிரியர், டோஃபல் மதிப்பெண் காலத்தில் வந்துவிட்டால் உதவித்தொகையோடு இடம் தரலாம் என்று பதில் போட்டிருந்தார். பரீட்சை சென்னையில், புரட்டாசி முதல் சனிக்கிழமை. அதைத் தவறவிட்டால் அடுத்த பரீட்சையின் மதிப்பெண் கெடுவுக்குள் போய்ச் சேராது. அந்த வருஷம் போனால் வீட்டில் இன்னொரு வருஷம் காத்திருக்க மாட்டார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அது எண்பத்தேழாம் வருஷம். இருபது சதவீத இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதிச் சங்கம் ஒரு வாரச் சாலை மறியல் அறிவித்தது. கேட்டதில் தப்பே இல்லை. படித்துவிட்டு மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையன்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். என் கோபமெல்லாம் திரௌபதியம்மன் கோயிலில் நடந்ததைப் பற்றித்தான்.

மறியலுக்கு முன்னால் வீட்டுத் தலைவர்களையெல்லாம் கோயிலுக்குக் கூப்பிட்டுக் கற்பூரத் தட்டை நீட்டினார்கள். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தால் அது சத்தியம். போராட்டம் முடிகிற வரைக்கும் எங்கள் வீட்டு ஆள் யாரும் ஊர் எல்லையைத் தாண்ட மாட்டார்கள் என்று ஒவ்வொருவரும் அடித்தார்கள். என் அப்பா அரசாங்கப் பள்ளிக்கூட வாத்தியார், அவருக்கு அன்றைக்குப் பார்த்து வயிற்றுவலி வந்துவிட்டது, எங்கள் வீடு சத்தியத்திலிருந்து தப்பியது. பெரியப்பா போனார், தட்டு வந்தது, அடித்தார். என் பெண்ணுக்குப் பரீட்சை இருக்கிறது, அவளை விட்டுவிட்டு மற்றவர்களுக்குச் சத்தியம் செய்கிறேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அப்படி யாரும் சொல்வதில்லை. வீட்டுக்கு ஒரு கைதான், அந்தக் கைக்குள் எல்லோரும் அடக்கம். கட்டிக்கொடுத்த பெண் என்றால் கணக்கில் வரமாட்டாள். கல்யாணம் வேண்டாமென்று படித்தவள் வசமாக மாட்டிக்கொண்டாள்.

மறியல் தொடங்கிய வியாழக்கிழமை காலையில் ரோட்டின் குறுக்கே புளியமரங்கள் கிடந்தன. ஒரு மரத்தின்மேல் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். செல்வி நேராக அவரிடம் போனாள். பின்னால் நான்.

"அப்பா, நான் மெட்ராஸ் போறேன். மல மேல ஏறி அந்தப் பக்கம் எறங்கிக்கறேன்."

"கற்பூரம் அடிச்சிருக்கேன்மா."

"நான் அடிக்கலயேப்பா."

"உனக்கும் சேத்துத்தான் அடிச்சேன். நாங்க ரோட்டுல படுத்துக் கேக்கறது யாருக்கு? உன்ன மாதிரி படிக்கற புள்ளைங்களுக்குத்தான். நீயே மீறிப் போனா எப்படி?"

"எனக்காகக் கேக்கறீங்க, எனக்காகச் சத்தியம் பண்றீங்க. ஒரு வார்த்த என்னக் கேட்டீங்களா?"

பக்கத்தில் இருந்தவர்கள் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நினைத்திருந்தால் இழுத்துப்போய் வீட்டில் பூட்டியிருக்கலாம், அவரைக் கேட்பவர் யாருமில்லை. அவர் அதைச் செய்யவில்லை. பெரியம்மா அம்சவள்ளிதான் வாசற்படியில் நின்று, "அந்த மனுசன் தலைக்கு எதாவது வந்தா நான் சும்மா இருக்க மாட்டேன்டி" என்று அழுதாள். அழுதுகொண்டே புளிச்சோற்றையும் கட்டிக் கொடுத்தாள்.

ஊருக்கு மேற்கே இருந்த மலையில் ஏறி மாதனைப் பிடித்தோம். வருஷா வருஷம் பெரியப்பாவிடம் சாமை கொண்டுவந்து போடுகிறவர். கருமந்துறைப் பக்கம் இறங்கினால் சேலம், சேலத்திலிருந்து ரயில் என்பது எங்கள் திட்டம். அவரும் அவர் மனைவி சாமியம்மாளும் வழிகாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்கள். கீழே ரோட்டை மறித்திருக்கிறார்கள் என்று செல்வி சொன்னபோது மாதன் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"எங்க ஊருக்கு ரோடே கெடையாதுங்கம்மா. நாங்க இன்னாத்த மறிக்கறது?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை. கால் கொப்பளித்து, அட்டை கடித்து, கருமந்துறையில் ஒரு லாரியில் ஏறி, சேலத்தில் தாமதமாக வந்த ரயிலில் நின்றுகொண்டே போய்ச் சனிக்கிழமை காலை சென்னையில் இறங்கினோம். பரீட்சைக் கூடத்தின் வாசலில் நான் காத்திருந்தேன். வெளியே வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எல்லாம் புரிஞ்சுதுடி ஜெயசுதா. ஒருத்தன் பல்லக் கடிச்சிக்கினு பேசினான், அதுகூடப் புரிஞ்சுது."

ரோடு திறந்த பிறகுதான் ஊருக்குத் திரும்ப முடிந்தது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டிலேயே எங்கள் தெரு ஆள் ஒருவர் பார்த்துவிட்டார். வீட்டுக்குப் போகாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்.

நாங்கள் கிளம்பிய மறுநாள், ஏரிக்கரை மேட்டில் வெட்டிய இன்னொரு மரத்தை ரோட்டுக்கு இழுத்திருக்கிறார்கள். சரிவில் மரம் உருண்டு பெரியப்பாவின் வலது கையை மணிக்கட்டோடு நசுக்கிவிட்டது. ஆஸ்பத்திரி ஒன்றும் தூரமில்லை. ஆனால் ஊருக்கு ஊர் நம் ஆட்களே வெட்டிப்போட்ட மரங்கள். மாட்டுவண்டியில் கிடத்தி வயல் வழியாகவும் வாய்க்கால் வழியாகவும் சுற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் கை கறுத்துவிட்டது. எடுத்துவிட்டார்கள்.

ஊர் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டது. கற்பூரம் அடித்த கை, மகள் எல்லை தாண்டினாள், கை போனது. அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. செல்வி ஒவ்வொருவரிடமும் வாதாடினாள். மேட்டில் வெட்டிய மரம் உருளத்தான் செய்யும், கட்டை வைத்துத் தடுத்திருக்க வேண்டும், ரோடு திறந்திருந்தால் கையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றாள். சொன்னதெல்லாம் உண்மை. கேட்டவர்கள், அப்பன் கையை வாங்கிவிட்டு வாய் பேசுகிறாள் என்றார்கள்.

பெரியப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. இடது கையால் சாப்பிட அவர் சம்மதிக்கவே இல்லை. பெரியம்மாதான் பிசைந்து ஊட்டினாள். விசேஷ வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார். மடை மாற்ற ஆள் வைத்தார்.

மதிப்பெண் நன்றாகவே வந்தது. பங்குனியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்ததாகக் கடிதமும் வந்தது. நானும் அவளும் போனபோது பெரியம்மா பெரியப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அப்பன் கையத் தின்னது பத்தாதா? இன்னும் எங்கடி போற?"

"அம்மா, நான் போனதுக்கும் கை போனதுக்கும் சம்பந்தமே இல்ல. அப்பா, நீங்களாச்சும் சொல்லுங்கப்பா. மரம் உருண்டது சரிவால. நான் வூட்டுலயே இருந்திருந்தாலும் உருண்டிருக்கும்."

பெரியப்பா அவளையே பார்த்தார்.

"அப்ப என் கை சும்மா போச்சுன்றியா?"

செல்வி வாயைத் திறந்தாள். அவளிடம் பதில் இருந்தது, எனக்குத் தெரியும். ஆறு மாதமாக ஊருக்கெல்லாம் சொன்ன பதில்தான்.

"சத்தியம் பண்ணது நானு. மீறிட்ட. அது கையக் கேட்டுச்சு, குடுத்துட்டேன். தீந்துச்சு" என்றார் பெரியப்பா. குரலில் கோபமே இல்லை. "இனிமே உன்னத் தடுக்க ஒண்ணும் இல்ல. உங்கம்மாவும் தடுக்க மாட்டா. உன்னாலதான் போச்சு, அதுக்குப் பலனா நீ போற. அப்படித்தானம்மா?"

பேராசிரியர்களிடமே மல்லுக்கு நின்றவள் அவள். இல்லையென்று சொன்னால் அவர் கை ஒன்றுமில்லாததற்குப் போனதாகிவிடும், ஆமென்று சொன்னால் அது அவள் தலையில் ஏறிவிடும். இரண்டு வார்த்தையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் அவள் பக்கம் பார்க்கவில்லை.

"ஆமாம்பா, என்னாலதான்" என்றாள்.

பெரியப்பா தலையை அசைத்துவிட்டு, சோற்றுக்கு வாயைத் திறந்தார்.