சுளகு கட்டி நடந்த குளிர்காலங்கள்

தொற்றுக் காலத்தில் ஜிம்முகளைப் பூட்டியபோது முதலில் முறைப்பாடு சொன்னது என் முதுகுதான். நான் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பராமரிக்கும் வேலை செய்பவள். காலையில் ஒருவரைக் கட்டிலிலிருந்து எழுப்பி, கழுவித் துடைத்து, கதிரையில் இருத்த வேண்டும். மத்தியானம் இன்னொருவரை நடக்கவைக்க வேண்டும். பாரம் தூக்குகிற வேலை, அதனால் உடம்பு பலமாக இருக்கும் என்று ஆட்கள் நினைப்பார்கள். உண்மையில் அந்த வேலை உடம்பைத் தின்னும். தின்றதைத் திரும்பக் கட்டுவதற்காகவே ஸ்காபரோவின் அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டுக்கு அருகிலிருந்த ஜிம்முக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அங்கே பழக்கமானவள்தான் என் பக்கத்து வீட்டுப் பெண். கோயம்புத்தூர்க்காரி, கணினி வேலை, என்னைவிட நன்றாக இளையவள். பக்கத்து வீடாக இருந்தும் வெகுகாலம் வேலிக்கு மேலால் சிரித்ததோடு சரி. ஜிம்மில் அடுத்தடுத்த ட்ரெட்மில்லில் நின்று மூச்சு வாங்கியபோதுதான் கதைக்கத் தொடங்கினோம். அவள் என்னை அக்கா என்றாள். நான் எங்கள் ஊர் வழக்கப்படி அவளை நீர் என்றேன்.

"நீர்னு சொன்னா ராஜா காலத்து நாடகம் மாதிரி இருக்குக்கா," என்று முதல் நாள் சிரித்தாள். பிறகு நான் வாய் தவறி நீங்கள் என்று சொன்னால் கோபிக்கத் தொடங்கினாள்.

ஜிம் பூட்டியிருந்த முதல் குளிர்காலத்தில், ஒரு சனிக்கிழமை காலை, கையில் இரண்டு சோடி ஸ்னோஷூக்களோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். யாரோ பாவித்து விற்றவை. அலுமினியச் சட்டத்தில் தடித்த பிளாஸ்ரிக் விரிப்பை இழுத்துக் கட்டி, அடியில் இரும்புப் பற்கள் வைத்திருந்தது. போட்டிருக்கிற சப்பாத்தோடு காலை அதில் வைத்துப் பட்டிகளை இறுக்கினால், பனிக்குள் புதையாமல் மேலால் நடக்கலாமாம்.

"உதென்ன, சுளகைக் காலிலை கட்டின மாதிரி?" என்று கேட்டேன்.

"சுளகுன்னா?"

"நெல்லுப் புடைக்கிறது."

"ஓ, முறம்." அவள் ஒன்றைத் தூக்கிப் புடைத்துக் காட்டினாள். அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் அது சுளகுதான்.

என் கணவர் பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் வேலை செய்கிறார். அன்று அவருக்கு லீவு. தேநீர்க் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"உமக்கு விசரே? சனம் ஸ்னோவுக்குப் பயந்து வீட்டுக்குள்ளை இருக்குது. நீர் அதுக்குள்ளை போய் நடக்கப் போறீரோ?"

"ஓம். நடந்திட்டு வாறன்."

வீடுகளுக்குப் பின்னால் உயர்மின் கம்பிகள் போகிற நீண்ட வெளி ஒன்று இருக்கிறது. யாருடைய கால் தடமும் இல்லாத பனி, முழங்காலுக்கு மேல். இறங்கிய சில நிமிடங்களிலேயே இது நடை அல்ல என்று எனக்கு விளங்கிவிட்டது. கால்களை அகட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு சுளகு மற்றதை மிதித்து விழுத்திவிடும். ஒவ்வொரு அடிக்கும் முழங்காலை இடுப்பு வரை தூக்க வேண்டும். தூக்கும்போது மேலே ஏறியிருக்கும் பனியும் சேர்ந்து வரும். முதல் மின்கோபுரத்தை அடைவதற்குள் தொடை எரிந்தது. இரண்டாவதை அடைவதற்குள் மூன்று முறை விழுந்து எழும்பிவிட்டேன். விழுவதில் நோவில்லை, எழும்புவதில்தான் உயிர் போனது.

நான் செய்த பெரிய பிழை உடுப்பு. குளிரும் என்று பயந்து ஸ்வெற்றருக்கு மேல் ஸ்வெற்றர் போட்டிருந்தேன். வேர்வை முதுகால் ஓடியது. மூச்சு வாங்க நின்றபோது அந்த வேர்வை குளிர்ந்து, ஈரத்துணியால் போர்த்ததுபோல் உடம்பு நடுங்கத் தொடங்கியது.

"வெளியில வரும்போது கொஞ்சம் குளிரணும்கா. அப்பத்தான் சரியான டிரஸ்," என்றாள் அவள். ஊரில் நெடுந்தூர ஓட்டம் ஓடியவள். கைக்கடிகாரத்தில் அடிக்கடி இதயத் துடிப்பைப் பார்த்துக்கொள்வாள். துடிப்பு எல்லை தாண்டி அது கீச்சிட்டால் அவளுக்குப் பெருமை.

அடுத்த நாள் என்னால் கழிப்பறையில் உட்காரவும் முடியவில்லை, எழும்பவும் முடியவில்லை. ஆனால் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கதவைத் தட்டுவதற்கு முன்னமே நான் உடுத்திக்கொண்டு நின்றேன்.

அப்படியே அந்தக் குளிர்காலம் போனது. ஸ்காபரோவின் கிழக்கு எல்லையில் இருக்கும் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு அவளுடைய காரில் போவோம். காட்டுக்குள் முதலில் போகிறவருக்குத்தான் முழுக் கஷ்டமும். அவர் பனியை மிதித்துப் பாதை போட, பின்னால் வருகிறவர் அந்தத் தடத்தில் காலை வைத்து ஓரளவு சுகமாக வரலாம். முன்னால் போகிறவருக்கு மூச்சு முட்டினால் ஒதுங்கி நிற்க வேண்டும், மற்றவர் முன்னுக்குப் போக வேண்டும். அவள் இளையவள், வேகமானவள், ஆனால் ஓட்ட வேகத்திலேயே தொடங்கி விரைவில் களைத்துவிடுவாள். நான் ஆமை. மேட்டில் ஏறும்போது முன்பாதத்தைப் பனிக்குள் உதைத்து, பல்லைக் குத்தி, ஒரே சீராக ஏறுவேன். "அக்கா, எஸ்கலேட்டர் மாதிரி போறீங்க," என்பாள். பின்னால் வருகிறவர்தான் கதை சொல்லுவது. முன்னால் போகிறவருக்குக் கதைக்க மூச்சிருக்காது. அவளுடைய மாமியாரின் கதை, என் வேலைக் கதை, இருவரின் கல்யாணக் கதைகள் எல்லாம் அப்படி ஒருவர் முதுகைப் பார்த்து மற்றவர் சொன்னவைதான். என் முதுகு நோவு மாசிமாதமளவில் போய்விட்டது. போனதை நான் கவனிக்கவேயில்லை. ஒருநாள் நோயாளி ஒருவரைத் தூக்கி இருத்திய பிறகுதான் நோகவில்லையே என்று நினைத்தேன்.

அடுத்த குளிர்காலம் ஜிம்முகளை மறுபடி பூட்டினார்கள். அந்த மாதம்தான் பெரிய பனிப்புயல் வந்தது. காலையில் எழும்பிப் பார்த்தால் தெருவில் கார்கள் இருந்த இடங்களில் வெள்ளை மேடுகள். பஸ்கள் நின்றுவிட்டன. கணவர் கராஜ் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்ப மூடினார்.

என்னுடைய காலை நோயாளி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தார். வயதான சீனக்காரர், பாரிசவாதத்தில் ஒரு பக்கம் இழுத்துவிட்டது. மனைவி என் தோளுக்குக் கூட வரமாட்டார், அவ்வளவு சின்ன மனுசி. கணவரைப் புரட்டவோ எழுப்பவோ அந்த மனுசியால் முடியாது. நான் போகாவிட்டால் இரவு நனைந்த உடுப்போடு அந்த மனுசன் நாள் முழுக்கக் கிடக்க வேண்டும். வேலையிடத்திலிருந்து அழைத்த பெண், இன்று யாரும் வெளியே போக வேண்டாம், பாதுகாப்பில்லை, குடும்பங்களுக்கு நாங்கள் அறிவிக்கிறோம் என்றாள். அவள் சொன்னது சரிதான். நான் சரி என்று போனை வைத்துவிட்டுச் சுளகைத் தேடி எடுத்தேன்.

"நீர் அங்கை வரைக்கும் நடந்து போகப் போறீரோ?" என்றார் கணவர்.

"ஞாயிற்றுக்கிழமையில் நடக்கிற தூரம்தானே."

அவர் உள்ளே போய்ச் சுடுதண்ணீர்ப் போத்தலை நிரப்பிக்கொண்டு வந்து என் பைக்குள் வைத்தார்.

வாசலில் குனிந்து பட்டியை இறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

"எங்கக்கா கிளம்பிட்டீங்க?"

"வேலைக்கு."

"தனியாவா? இருங்க, நானும் வரேன்."

"உமக்கு மீற்றிங் இல்லையே?"

"அது போன்லயே பேசிக்கலாம்."

தெருவின் நடுவால் போனோம். ஷெப்பர்ட் அவெனியூவில் ஒரு வாகனமும் இல்லை. கைவிடப்பட்ட பஸ் ஒன்று வெளிச்சம் போட்டபடி குறுக்கே நின்றது. பனி இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. முன்னும் பின்னும் மாறி மாறி நடந்தோம். காட்டுக்குள் நடந்ததைவிட இது கடினம், காற்றை மறிக்க மரங்கள் இல்லை. நெடுஞ்சாலைக்கு மேலால் போகும் பாலத்தில் ஏறியபோது காற்று பக்கவாட்டில் அடித்து எங்களைத் தள்ளியது. அவளுடைய மணிக்கூடு கீச்சிட்டது. இந்த முறை அவள் பெருமைப்படவில்லை.

"அக்கா, முடியல."

"நீர் பின்னுக்கு வாரும். என்ரை முதுகுக்குப் பின்னாலை நில்லும். நான் உடைச்சுக்கொண்டு போறன்."

பாலம் முடியும்வரை நான் முன்னால் போனேன். தொடை எரிந்தது, பிறகு எரிவு மரத்துப்போனது. கீழே லொறிகள் வரிசையாகப் புதைந்து நின்றன. ஒரு சாரதி கண்ணாடியை இறக்கிக் கை காட்டினான். எங்களுக்குக் கை தூக்கச் சக்தி இல்லை.

நோயாளியின் வீட்டை அடைந்தபோது அவர் மனைவி ஜன்னலடியில் நின்றார். யாரும் வரமாட்டார்கள் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்து, காலைப் பார்த்து, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு முடியும்போது கண் கலங்கியிருந்தது.

தொற்றுக் காலக் கட்டுப்பாட்டால் என் சிநேகிதி உள்ளே வர முடியாது. அந்த அம்மா கராஜைத் திறந்து அவளுக்குக் கதிரையும் ஒரு சிறிய ஹீற்றரும் வைத்துக் கொடுத்தார். அங்கே இருந்தபடியே அவள் போனில் மீற்றிங் முடித்தாள். நான் விறைத்த கைகளைச் சுடுதண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றேன், அந்தக் குளிரோடு ஒருவரைத் தொட முடியாது. பிறகு நோயாளியைப் புரட்டி, கழுவி, உலர்ந்த உடுப்புப் போட்டு, கதிரையில் இருத்தினேன். அவர் அதிகம் பேசமாட்டார். அன்று மனைவியிடம் ஏதோ கேட்டார். மனைவி போய் என் சுளகு ஒன்றைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கணவரின் மடியில் வைத்தார். அவர் நல்ல கையால் சட்டத்தை, பற்களை, பட்டிகளைத் தடவிப் பார்த்துவிட்டு மெல்ல ஒரு வசனம் சொன்னார்.

மனைவி ஆங்கிலத்தில் எனக்குச் சொன்னார்: "அடுத்த முறை தன்னையும் கூட்டிக்கொண்டு போகட்டாம்."

போகும்போது எங்கள் இருவருக்கும் சுடச்சுட அரிசிக் கஞ்சி தந்தார், மேலே இஞ்சியும் வெங்காயத்தாளும் தூவியிருந்தது. கராஜில் நின்றபடியே குடித்தோம். அதைவிட ருசியான கஞ்சியை நான் குடித்ததில்லை.

திரும்பி வந்த வழி பற்றி எனக்கு அதிகம் ஞாபகமில்லை. அவளுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, ஒரு பஸ் தரிப்பிடத்தில் அவளை இருத்தி நான் அதை உருவிவிட்டேன் என்பது மட்டும் இருக்கிறது. வீட்டில் என் கணவர் முன்பாதைப் பனியைச் சுத்தமாக வெட்டி வைத்திருந்தார். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "உள்ளை வாங்கோ, சோறு கிடக்கு," என்று மட்டும் சொன்னார்.

மறுவருடம் அந்த மனுசனைப் பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றினார்கள். என் சிநேகிதி தன் கணவரின் வேலைக்காக வான்கூவருக்குப் போய்விட்டாள். ஜிம் திறந்துவிட்டது, நான் போகிறேன். ட்ரெட்மில்லில் நின்று சுவரில் ஓடும் தொலைக்காட்சியைப் பார்க்கும்போது, முன்னால் ஒரு முதுகு இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று தோன்றும்.

போன மார்கழியில் அவள் ஒரு வாரம் வந்து நின்றாள். நடக்க வேண்டும் என்றே வந்தவள். வந்த நாளிலிருந்து மழை. பனியின் பொட்டுக்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாதாரண சப்பாத்தோடு பள்ளத்தாக்குக்குப் போனோம். எங்கும் சேறு, மொட்டை மரங்கள், பழுப்பு இலை. பாதை அகலமாக இருந்ததால் பக்கம் பக்கமாக நடந்தோம். கதைகள் நிறைய இருந்தன. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் அவள் நின்றுவிட்டாள்.

"அக்கா, வேர்க்கவே இல்லியே."

"எனக்கும்தான்."

ஆற்றங்கரையிலிருந்து மேட்டுக்கு ஏறும் நீண்ட மரப்படிகள் முன்னால் இருந்தன. ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஏறினோம், இறங்கினோம், மறுபடி ஏறினோம். நாயோடு வந்த ஒருவர் எங்களுக்கு வழி விட்டுவிட்டு, மேலே எதையாவது தவறவிட்டுவிட்டீர்களா என்று கேட்டார். பதில் சொல்ல மூச்சில்லை. அவள் கைப்பிடியைப் பிடித்தபடி இல்லை என்று தலையை ஆட்டினாள். அவர் போன பிறகு நான் ஜாக்கெற்றைக் கழற்றி இடுப்பில் கட்டினேன். மழை தோளில் விழுந்தது. உடம்பு சூடாகத்தான் இருந்தது.