நான் நின்று விலை சொன்ன இடம்

தோட்டம் அமைத்துத் தருவது என் தொழில். தொண்ணூறுகளில் கோவளம் பக்கம் ஒரு பங்களாவில் புல்தரை போடக் கூப்பிட்டார்கள். டேப் பிடித்து அளந்து, மேலாகப் பார்த்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டேன்.

மண்ணைப் பரப்பித் தண்ணீர் தெளித்த பிறகு, என் கூட்டாளி காசிம் பாய் இரும்பு உருளையை இழுத்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவருக்குப் பின்னால் தரை உள்வாங்கியது. சரிந்த உருளை அவரையும் சேர்த்து இழுத்தது.

“கைய வுடு பாய்!” என்று அலறினேன். விட்டார். ஆழத்தில் தண்ணீர் சத்தம் கேட்டது.

ஓடி வந்த பக்கத்து வீட்டு அம்மா, “அங்க பழைய கெணறு கீதே! பலகை போட்டு மண்ணு கொட்டிட்டாங்க. உனுக்கு யாரும் சொல்லலியா?” என்றார்.

நான் யாரைக் கேட்டேன், சொல்வதற்கு?

இப்போதெல்லாம் தரை முழுக்கக் கடப்பாரையால் குத்திப் பார்த்து, அக்கம்பக்கத்தில் விசாரித்த பிறகுதான் விலை பேசுகிறேன். அன்று டேப்பும் கையுமாக நான் நின்று விலை சொன்னது அந்தப் பலகையின் மேல்தான்.