மூடி மேல் ஒரு இணுக்கு கறிவேப்பிலை

தென்காசியில் வீடு இருந்தால் போதும், சாரல் தொடங்கியதும் சொந்தக்காரர்கள் வந்து இறங்கிவிடுவார்கள். குற்றாலத்தில் குளித்துவிட்டு, ஈரத்துணியை எங்கள் வீட்டுக் கொடியில் போட்டுவிட்டு, நேராக இலைமுன் உட்காருவார்கள். அத்தனை பேருக்கும் ஒற்றை ஆளாகச் சமைத்தது என் அம்மா.

1980களின் தொடக்கத்தில் அவளுக்கு மறதி தட்டியது. பெரிதாக ஒன்றுமில்லை. உப்புப் போட்டோமா, கதவைப் பூட்டினோமா என்கிற அளவுதான். அதற்கு அவளே வழியும் வைத்திருந்தாள். குழம்பில் உப்புப் போட்டதும் மூடி மேல் ஒரு இணுக்கு கறிவேப்பிலையை வைப்பாள். கதவைப் பூட்டியதும் "பூட்டியாச்சு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள். "மறதி வந்தா வரட்டும்ட்டி, அதை மேய்க்க எனக்குத் தெரியும்" என்பாள். இலத்தூரில் வாழ்க்கைப்பட்டு, அடிக்கடி வந்து பார்த்துப்போன எனக்கு அது போதுமாக இருந்தது.

விருந்தாளிகளுக்குத்தான் போதவில்லை. விஷயம் காதில் விழுந்ததிலிருந்து, செருப்பைக் கழற்றும்போதே "அத்தே, என்னைத் தெரியுதா?" என்று ஆரம்பித்தார்கள். நலம் விசாரிக்கிறார்களாம். அவள் சரியாகச் சொன்னதும் சிலர் முகம் சப்பென்று ஆனதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு சாரலுக்கு அண்ணன் மெட்ராஸிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். அருவியில் குளித்த பசி. அடுக்களைக்குள் போய்ச் சாம்பார் மூடியைத் திறந்து மோந்து பார்த்தான். கீழே விழுந்த கறிவேப்பிலையை எடுத்து ஜன்னல் வழியே எறிந்தான். கொல்லையில் இலை கழுவிக்கொண்டிருந்த என் முன்னால்தான் அது வந்து விழுந்தது. கிணற்றடியிலிருந்து திரும்பிய அம்மா, மூடி மேல் இலை இல்லாததைப் பார்த்து இன்னொரு கை உப்பு போட்டாள். சாமிக்குப் படைக்கும்முன் வாயில் வைத்துப் பார்க்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

பந்தியில் எல்லார் முகமும் கோணியது. கை கழுவியதும் அண்ணன் அம்மாவைக் கூடத்தில் உட்காரவைத்து விசாரணையைத் தொடங்கினான்.

"இன்னைக்குத் தேதி என்ன?"

"ஆனி கடைசி."

"இங்கிலீஷ் தேதி?"

அது தெரியவில்லை.

"பிரதம மந்திரி யாரு?"

"யாரா இருந்தா என்னலே, மண்ணெண்ணெய் கிடைக்க மாட்டேங்கு."

எல்லாரும் சிரித்தார்கள். நான் கறிவேப்பிலையைப் பற்றிச் சொன்னேன். "நீ எப்பவும் அம்மைக்கு வக்காலத்துதான்" என்று வாயை அடைத்தான். உன்னால் சமாளிக்க முடியுமா என்று அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியும் என்றிருப்பாள்.

மறுநாளே சமையலுக்கு ஆள் வந்தது. அம்மா அடுக்களைக்குள் போகக்கூடாது, தனியாகக் கடைக்குப் போகக்கூடாது. தாயை எப்படித் தாங்குகிறான் பார் என்று ஊரே அண்ணனை மெச்சியது.

அதன்பின் "பூட்டியாச்சு" என்கிற சத்தம் நின்றுபோனது. "நான் சாப்பிட்டேனா?" என்று அம்மா சமையற்காரியைக் கேட்க ஆரம்பித்தாள்.

அடுத்த சாரலுக்கும் அண்ணன் வந்திருந்தபோது, சிவகிரியிலிருந்து சித்தி வந்தாள், அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. அவளும் வாசலிலேயே, "அக்கா, என்னைத் தெரியுதா?" என்றாள்.

அம்மா அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். சிறுவயதில் அரிவாள்மணை வெட்டிய தழும்பு சித்தியின் விரலில் இருந்தது. அதைத் தடவிக்கொண்டே, எதிரே இருந்த அண்ணனைக் காட்டிச் சொன்னாள்:

"எனக்குத் தெரியுதான்னு அவன்கிட்ட கேளு."