எலுமிச்சம்பழத்துக்குப் பதிலாகப் போனவள்

“பேனா பிடிச்ச கை பேறுகாலம் பாக்குமாக்கும்? ரெண்டே நாளையில கண்ணைக் கசக்கிக்கிட்டு ஓடியாந்திருவே, பாரு!”

பிரசவ வேலை படிக்கப் போகிறேன் என்று நான் வீட்டில் சொன்ன அன்று என் அத்தை சொன்னது இது. அத்தை மட்டுமா? எங்கள் தெருவில் பாதிப் பேர் அதையே வேறு வேறு வார்த்தையில் சொன்னார்கள். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் பெண் நான். பெண் என்ன, முதல் ஆளே நான்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் வெள்ளைக்காரத் துரைசாணியம்மா ஒருவர் நடத்தும் பெண்கள் பள்ளியில் தங்கி ஏழு வருஷம் படித்தேன். அதே பள்ளியில் உபாத்தியாயினியாகப் போவேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அந்த ஆனி மாதம் வரும்வரை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது. ஆனி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வில்வண்டி வந்து நின்றது. ஊரில் பெரிய நிலக்காரர் வீட்டு வண்டி. அந்த வீட்டுப் பருத்தியைத்தான் என் அய்யா பார வண்டியில் ஏற்றி விருதுபட்டிச் சந்தைக்குக் கொண்டுபோவார். எங்கள் அடுப்பு எரிவதே அந்த வாடகையில்தான்.

அவர்கள் கூப்பிட வந்தது அய்யாவை அல்ல, என்னை.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தையின் தலை தெரிந்ததும் மருத்துவச்சி ஓர் எலுமிச்சம்பழத்தை அறைக்கு வெளியே உருட்டிவிடுவாள். வெளியே காத்திருக்கும் ஆண்கள் பழத்தைக் கண்டதும் நேரம் குறித்துக்கொள்வார்கள். ஜாதகம் அந்த நேரத்தை வைத்துத்தான். அந்த வீட்டில் முந்தின பிரசவத்தின்போது பழம் வாசலுக்கு வராமல் நெல் குதிருக்கு அடியில் உருண்டுவிட்டதாம். நேரம் இதுவா அதுவா என்று இன்றுவரை சண்டை. அதனால் இந்த முறை வீட்டுப் பெரியவர் மதுரையிலிருந்து ஒரு மேசைக் கடிகாரம் வாங்கி வந்துவிட்டார். அறைக்குள் ஆண்கள் போகக்கூடாது. அந்த வீட்டுப் பெண்களுக்கு மணி பார்க்கத் தெரியாது. மணி பார்க்கத் தெரிந்த பெண் என்று விசாரித்ததில் என் பெயர் வந்திருக்கிறது.

அம்மாவுக்குத் துளியும் இஷ்டமில்லை. “கன்னிப் பொண்ணு போற இடமா அது?” என்றாள்.

அய்யா விடவில்லை. “அவ என்னத்தைப் பாக்கப் போறா? மணியைத்தான பாக்கப் போறா” என்றார். அவர் குரலில் இருந்த பெருமையை மறைக்க அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தலைகால் புரியவில்லை. பெட்டியில் இருந்த நல்ல சேலையை எடுத்து உடுத்திக்கொண்டு வண்டியில் ஏறினேன். அய்யா பின்னாலேயே நடந்து வந்தார்.

அறையின் குறுக்கே ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் பிள்ளைத்தாய்ச்சி, அவளுடைய மாமியார், மருத்துவச்சி. இந்தப் பக்கம் நானும் என் மடியில் கடிகாரமும். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். மாமியார் என்னை “அம்மாயி” என்றார். அவர்கள் பாஷையில் அது சின்னப் பெண். என் சிநேகிதி ஒருத்தி வீட்டில் அம்மாவைப் பெற்றவளைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். ஒரே நாளில் பாட்டியாகிவிட்டேனே என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

வெளியே இருந்து பெரியவர் ஒன்றே ஒன்று சொன்னார். “ரெண்டு மணியோட லக்கினம் மாறுதாம் அம்மாயி. புள்ள அதுக்கு முந்தியா பிந்தியாங்கிறதுதான் முக்கியம். தலைன்னு சத்தம் வந்ததும் முள்ளைப் பாத்துச் சொல்லிரு.”

மருத்துவச்சிக்கு முப்பது வயது இருக்கலாம். வாய் ஓயாத மனுஷி. திரைக்கு அப்பாலிருந்து கேட்டாள்: “ஏட்டி, கடியாரத்துப் புள்ள! இன்னும் எம்புட்டு நேரம் ஆகும்னு அது சொல்லுமா?”

“சொல்லாது. ஆன நேரத்தைத்தான் சொல்லும்.”

“அப்பம் அது என் மாமியா மாதிரி. ஆனதைத்தான் சொல்லிக் காட்டும்.”

வலியோடு கிடந்தவளே சிரித்துவிட்டாள்.

காலையில் போனவள் மத்தியானம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். மலைப்பக்கமிருந்து சாரல் வந்து ஓட்டின்மேல் விழுந்துகொண்டே இருந்தது. கூரையில் பதித்திருந்த ஒற்றைக் கண்ணாடி வழியாக வெளிச்சம் இறங்கி வேட்டியில் பட்டு, அறை முழுவதும் பால் கலந்த தண்ணீரைப்போல ஆகிவிட்டது. வேப்பிலைப் புகையும் விளக்கெண்ணெய் வாசனையும் மிதந்தன. திரையில் நிழல்கள் குனிந்தன, நிமிர்ந்தன. முதலில் கடிகாரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தப் பெண்ணின் மூச்சும் கேட்டது. இரண்டும் ஒத்துப் போகவில்லை. கடிகாரம் ஒரே சீராக ஓடியது. மூச்சு ஏறியது, நின்றது, இறங்கியது. எப்போது என்று தெரியாது, நானும் அவளோடு சேர்ந்து மூச்சு விட ஆரம்பித்திருந்தேன். கிணற்றுக்குள் மல்லாந்து கிடந்து மேலே தெரியும் வட்ட வானத்தைப் பார்ப்பதுபோல இருந்தது. உலகத்தில் வேறு எதுவுமே நடக்கவில்லை.

ஒன்றே முக்கால் மணிக்கு முள்ளைப் பார்த்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு காற்று அடித்தது. வேட்டி விலகியது.

“தலை!” என்று மருத்துவச்சி கத்தினாள்.

நான் குனிந்து முள்ளைப் பார்த்திருக்க வேண்டும். அதற்காகத்தான் என்னை வண்டி வைத்துக் கூட்டி வந்தார்கள். நான் பார்த்தது அந்தத் தலையை. ஈரமும் கறுப்புமாக, மழையில் நனைந்த நாவல்பழம்போல ஒன்று இந்த உலகத்துக்குள் வந்துகொண்டிருந்தது. மடியில் ஒரு கடிகாரம் இருப்பதே எனக்கு மறந்துபோயிற்று.

குழந்தை வந்துவிட்டது. ஆனால் அழவில்லை. கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. மருத்துவச்சி அதை ஒரு நொடியில் விலக்கினாள். குழந்தை நீலமாகக் கிடந்தது. அதே சமயம் தாய்க்கு உதிரம் பெருக ஆரம்பித்தது. மாமியார் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு சாமியைக் கூப்பிடத் தொடங்கிவிட்டார். மருத்துவச்சிக்கோ இருப்பது இரண்டு கை.

“ஏட்டி, இங்க வா! இதைப் பிடி. தலையைத் தாழ்த்து. வாயில கிடக்கிறதை விரலால வழிச்சுப் போடு. முதுகைத் தேயி. நான் சொல்லுத வரைக்கும் நிறுத்தாத!”

நான் எப்போது திரையைத் தாண்டினேன்? கடிகாரத்தை எங்கே வைத்தேன்? தெரியாது. அவள் பக்கத்தில் மண்டியிட்டிருந்தேன். என் இரண்டு உள்ளங்கையிலும் அந்தக் குழந்தை கனத்தது. தேய்த்தேன். மருத்துவச்சி தாயின் அடிவயிற்றை அமுக்கிக்கொண்டிருந்தாள். அவள் வாய் அப்போதுதான் முதன்முதலாக ஓய்ந்திருந்தது. தேய்த்துக்கொண்டே இருந்தேன். அது ஐந்து நிமிஷமா, கால் மணியா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். பிறகு பூனைக்குட்டி தும்முவதுபோல ஒரு சத்தம். இன்னொன்று. பிறகு வீடே அதிர ஓர் அழுகை. என் கையிலேயே அந்த நீலம் மெல்லச் சிவந்தது.

“மணி என்ன அம்மாயி?” என்று வெளியே இருந்து பெரியவரின் குரல் வந்தது.

கடிகாரம் தரையில் நிமிர்ந்து நின்றது. முள் இரண்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருந்தது. தலை தெரிந்தது இரண்டுக்கு முன்பா பின்பா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

மருத்துவச்சி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். “ஏதாவது ஒரு மணியச் சொல்லிட்டுப் போ ஏட்டி. யாருக்குத் தெரியப் போவுது?” என்று கிசுகிசுத்தாள்.

உண்மைதான். யாருக்கும் தெரியாது. சொல்லவில்லையென்றால் அய்யாவின் வண்டிக்கு வேலை போகும். பெண் பிள்ளையைப் படிக்கவைத்த லட்சணம் இதுதான் என்று ஊர் சிரிக்கும். ‘இரண்டே கால்’ என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தக் குழந்தையோ என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆயுள் முழுக்க அது சுமக்கப் போகும் ஒன்றை நான் எப்படிப் பொய்யாக எழுதிக் கொடுப்பது?

“பார்க்கவில்லை” என்றேன்.

“பாக்கலையா? பொறவு எதுக்கும்மா ஒன்னைக் கூட்டியாந்தது?”

மாமியாருக்கு அப்போதுதான் தெம்பு வந்தது. “படிச்ச புள்ளைன்னாங்க! இதுக்கு அந்த எலுமிச்சம்பழமே தேவலை. போகச் சொல்லுங்க அவளை.”

நான் எழுந்தேன். சேலை எதிலோ மாட்டி இழுத்தது. குனிந்து பார்த்தால், அந்தத் தாய் என் முந்தானையைப் பிடித்திருந்தாள். கண்ணைத் திறக்காமலே, “போகச் சொல்லாதீங்க அத்தை. செத்த நேரம் இங்கனயே இருக்கட்டும்” என்றாள்.

உதிரம் அடங்கி, அவள் கஞ்சி குடித்துத் தூங்கும்வரை இருந்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். அய்யா மழையில் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் அவர் காதுக்கு வந்திருந்தது.

“பாக்கலையா தாயி?”

“இல்லய்யா.”

தலைத்துண்டைப் பிழிந்து என் தலையில் போட்டார். “புள்ள எப்படியிருக்கு?”

“நல்லாருக்கு.”

“அப்பம் சரி. வா” என்றார்.

அவர் சரி என்றாலும், மூன்று மாதம் அந்த வீட்டிலிருந்து அவரைக் கூப்பிடவில்லை. சேத்தூர்ப் பக்கம் போய்க் கிடைத்த பாரத்தை ஏற்றினார். பிறகு அவர்களாகவே ஆள் அனுப்பினார்கள். அந்தப் பையனுக்கு இரண்டு ஜாதகம் எழுதி வைத்திருக்கிறார்களாம், கன்னி லக்கினத்துக்கு ஒன்று, துலாத்துக்கு ஒன்று. சமர்த்தாக இருக்கும் நாளில் ஒன்றையும், அடம் பிடிக்கும் நாளில் மற்றதையும் எடுத்துப் பார்க்கிறார்கள் என்று மருத்துவச்சி சொல்லிச் சிரித்தாள்.

நான் செய்தது தப்புத்தான். ஒப்புக்கொண்ட வேலையில் தவறினேன். அதற்கு நான் நியாயம் சொல்ல வரவில்லை. ஆனால் தவறிய அந்த நொடியில்தான் என் கண் தானாக எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எனக்குத் தெரிந்தது. அடுத்த மாதம் பள்ளியில் வேலை தருவதாகத் துரைசாணியம்மா சொன்னபோது, வேண்டாம், பிரசவ வேலை கற்றுக்கொடுக்கும் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு எழுதினார். பதில் வரவும், அம்மாவின் மனம் இளகவும் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

போன பங்குனியில் விருதுபட்டியில் ரயில் ஏறி மதுரை ஆஸ்பத்திரிக்கு வந்தேன். இந்த மூன்று மாதமும் தரை துடைப்பதும், துணி வெந்நீரில் அலசுவதும், பாத்திரம் கொதிக்கவைப்பதும்தான். ஓடிப்போகத் தோன்றிய நாட்களும் உண்டு. அப்போதெல்லாம் ஒருத்தி கண் மூடியபடி என் முந்தானையைப் பிடித்து இழுத்தது நினைவுக்கு வரும். இதுவரை எனக்குக் கிடைத்த எந்தப் பரிசும் அதற்கு ஈடாகாது என்று தோன்றும். நேற்றுக் காலை எங்கள் பெரிய நர்ஸம்மா எங்களை வரிசையாக நிறுத்தி, பிரசவ அறைக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டார். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதற்குள் நான் ஓரடி முன்னால் வந்து நின்றுவிட்டேன்.