சந்தனம் உதிராத ஹெட்லைட்

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, அம்மா காரை வாசலில் நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் போய்க் கதவைத் திறந்தேன். அவள் கைகள் இரண்டும் ஸ்டியரிங்கின் மேலேயே இருந்தன.

"மாடு" என்றாள்.

"எங்கே?"

"திருக்கழுக்குன்றம் தாண்டி, ஏரிக்கரை வளைவுல. கறுப்பு மாடு, நடு ரோட்டுல படுத்திருக்கு. மூக்குக்கு நேரா வந்தப்புறந்தான் தெரிஞ்சுது."

"இடிச்சிட்டியா?"

"இல்ல. பிரேக் பிடிச்சிடுச்சு. அது எழுந்துக்கக்கூட இல்ல. என்னைப் பார்த்துச்சு, அவ்வளவுதான்."

அம்மா கல்பாக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு அவளுடையது. அந்த வகுப்புக்கு மட்டும் மாலை ஆறு வரை தனிப்பாடம் உண்டு. பள்ளியின் பேருந்து நாலரைக்கே எங்கள் ஊரான செங்கல்பட்டுக்குக் கிளம்பிவிடும். ஆறு மணிக்கு மேல் அவளே ஓட்டி வர வேண்டும். அப்பாவுக்கு வேலை ஓசூரில். மாதத்தில் இரண்டு ஞாயிறுகள்தான் வீட்டில் இருப்பார். நான் தமிழ் ஆய்வு செய்யும் கல்லூரி பொத்தேரிப் பக்கம், எதிர்த்திசையில். கார்த்திகையிலும் மார்கழியிலும் ஆறு மணிக்கே இருட்டு இறங்கிவிடுவதால், அந்த இரண்டு மாதங்களை அவள் ஒவ்வோர் ஆண்டும் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டி வந்தாள்.

அன்று தட்டில் தோசையைப் பிட்டபடியே சொன்னாள்: "பன்னெண்டாம் கிளாஸ் இனி வேணாம்னு எழுதிக் குடுத்துடலாம்னு இருக்கேன். எட்டாங் கிளாஸ் குடுக்கட்டும். நாலரை பஸ்ஸுல வந்துடலாம்."

மாவு தீர்ந்துவிட்டது என்று சொல்லும் அதே குரல். மளிகைப் பட்டியலின் பின்புறமெல்லாம் தொகை நுண்கணிதம் போட்டு வைப்பவள் அவள். குழம்பு கொதிக்கும்போது தொலைபேசியில் யாரோ ஒரு மாணவிக்கு "இல்லம்மா, முதல்ல எல்லையை மாத்து" என்று சொல்லிக்கொண்டிருப்பவள். எட்டாம் வகுப்பின் வட்டி விகிதங்களோடு அவளை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

கண் மருத்துவரிடம் ஏற்கெனவே காட்டியிருந்தோம். புரை இல்லை, நோய் ஏதுமில்லை, வயதுக்கு ஏற்ப இருட்டில் சற்றுக் கூடுதல் வெளிச்சம் தேவைப்படும் என்பதோடு அவர் முடித்துவிட்டார். அந்தச் சொற்களை நான் கண்ணைப் பற்றியவையாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் மாலை அம்மா காரை உள்ளே திருப்பியபோது, எங்கள் இரும்புக் கதவின் மேல் விழுந்த வெளிச்சத்தை முதன்முறையாகக் கவனித்துப் பார்த்தேன். ஆறிப்போன தேநீரின் நிறம். கதவில் இருந்த கம்பிகளை அதில் எண்ண முடியவில்லை.

சனிக்கிழமை, ஏரியை ஒட்டிய சாலையில் கார் மின்வேலை செய்பவரின் கடைக்குப் போனோம். அவருக்கு நாற்பது வயதிருக்கும். விளக்கைப் போடச் சொல்லிப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"இன்னா டீச்சர், இத்த வச்சிக்கினா தினம் கல்பாக்கம் போய் வர்றீங்க? அகல் வெளக்கு இத்த விட நல்லா எரியுமே!"

"அதுக்குத்தாம்ப்பா வந்திருக்கேன். எல்இடி போடலாம்னு இவ சொல்றா."

"போட்லாம். ஆனா முன்னாடி மூடி பூரா மஞ்சா பூத்துக் கீது. அத்தத் தேய்க்கணும். அப்பாலதான் பல்பு."

அம்மா கொஞ்சம் தயங்கினாள். "எதிர்ல வர்றவங்களுக்குக் கண்ணு கூசாதே?"

அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டார். "இத்தினி வருசத்துல இத்தக் கேட்ட மொத ஆளு நீங்கதான் டீச்சர். மத்தவன்லாம் இன்னா கேக்குறான் தெர்யுமா? 'அண்ணாத்த, எதுர வர்றவன் ரோட்ட வுட்டு எறங்கணும், அந்த மாரி போடு'ன்றான்."

பழைய ஹாலஜன் பல்பைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல் அளவு கண்ணாடிக் குழல். உள்ளே மயிரிழை போன்ற இரண்டு சுருள் கம்பிகள். ஒன்றின் அடியில் மட்டும் மிகச் சிறிய கரண்டி போல ஓர் உலோகக் குழிவு. எதிரே வருபவரின் கண்ணுக்கு வெளிச்சம் ஏறாமல் தடுப்பது அதுதான் என்றார். இத்தனை ஆண்டுகளாக என் அம்மாவை வீடு சேர்த்தது இந்த இழை என்பதை நம்ப நேரம் பிடித்தது.

புதியதில் இழையே இல்லை. தட்டையான உலோகத் தண்டின் இருபுறமும் நொய்யரிசி அளவில் மஞ்சள் கட்டங்கள். பின்பக்கம் விரல்நுனி அளவு மின்விசிறி. "சூடெல்லாம் பின்னாடி பூடும். அதான் ஃபேனு" என்றார். பின்மூடியாக இருந்த ரப்பரை அந்த விசிறிக்கு இடம்விட்டு வெட்டினார். பல்பை மாட்டி, அதன் கழுத்து வளையத்தைத் திருகியபடி, "இந்த மஞ்சாக் கட்டம் லெப்ட்டும் ரைட்டும் பாக்கணும். மேல கீழ பாத்துச்சுன்னா வெளிச்சம் பூரா பனமரத்துக்குப் போய்டும், ரோட்டுக்கு வராது" என்றார்.

மாலை இருட்டத் தொடங்கியதும், எதிரே பூட்டிக் கிடந்த கிடங்கின் சுவரைப் பார்த்துக் காரை நிறுத்தச் சொன்னார். அம்மா கைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்தாள். அது எப்போதும் அங்கே இருக்கும். விளக்கின் உயரத்தை அளந்து சுவரில் ஒரு கோடு, அதற்கு நான்கு விரல் கீழே இன்னொரு கோடு. இரண்டும் அவளுடைய கரும்பலகைக் கோடுகளைப் போலவே நேராக இருந்தன.

"டீச்சர், லைட்டுக்கும் மார்க்கு போடுவீங்களா?"

"முதல்ல போடு. ஃபெயிலா பாஸான்னு பார்க்கலாம்."

விளக்கு எரிந்தது. நான் எதிர்பார்த்திருந்தது ஒரு வெள்ளைப் பரவலை. சுவரில் விழுந்ததோ ஒரு விளிம்பு. அதற்குக் கீழே செங்கல்லின் ஒவ்வொரு சொரசொரப்பும் நிழலோடு எழுந்து நின்றது. அதற்கு மேலே இருட்டு அப்படியே இருந்தது. நடுவிலிருந்து இடப்பக்கம் மட்டும் அந்த விளிம்பு சாய்வாக மேலேறியது. இடது ஓரத்தில் நடப்பவர்களைக் காட்டுவதற்காக என்றார் அவர். அம்மா சுவரருகே போய் உள்ளங்கையை அந்தச் சாய்வின் மேல் வைத்தாள்.

"பதினஞ்சு டிகிரி இருக்கும்" என்றாள் மெதுவாக. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எக்ஸ் அச்சு போட்ட மாதிரி இருக்குடி."

அவர் திருகாணியை முடுக்க முடுக்க, வெளிச்சத்தின் விளிம்பு இறங்கி அவளுடைய இரண்டாம் கோட்டின் மேல் வந்து அமர்ந்தது.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் திருக்கழுக்குன்றம் வரை ஓட்டிப் பார்த்தோம். புளியமரங்களின் அடியில் பூசிய வெள்ளைப் பட்டைகள் தொலைவிலேயே ஒவ்வொன்றாக விழித்தன. சாலையோரக் கோரைப்புல்லின் நுனிகள் தனித்தனியே தெரிந்தன. வழி நெடுக அம்மா சொன்ன ஒரே வாக்கியம் இது: "தார்ல கல்லு இருக்குடி. ஒவ்வொரு கல்லும் தெரியுது."

அதன் பிறகு எட்டாம் வகுப்பைப் பற்றி அவள் பேசவில்லை.

அம்மா திருக்கழுக்குன்றத்தில், கோயில் ஊழியம் பார்த்த குடும்பத்தில் பிறந்தவள். வெள்ளிக்கிழமை காலையில் காரின் இரண்டு ஹெட்லைட்டுகளுக்கும் விபூதிப் பட்டையிட்டு, நடுவில் சந்தனமும் குங்குமமும் வைப்பது வழக்கம். அந்தப் பொட்டை யாரும் துடைக்கக் கூடாது. அதுவாகத்தான் உதிர வேண்டும். அடுத்த வெள்ளிக்குள் அது உதிர்ந்துவிடும். மங்கலாக ஒரு வட்டத் தடம் மட்டும் மிஞ்சும். "சாமி எடுத்துக்கிச்சு" என்பாள். புது விளக்குக்கு அவள் வழக்கத்தைவிடத் தாராளமாகவே செய்தாள். பன்னீரில் குழைத்த சந்தனம், விளிம்புக்கு விளிம்பு விபூதி. நன்றியை அவள் வேறு எப்படிச் சொல்வாள்?

மூன்று வாரங்கள் கழிந்தன. மார்கழி பிறந்தது, மழை இல்லை, பனி மட்டும். ஒரு வியாழக்கிழமை மாலை அவள் மறுபடியும் காரிலிருந்து இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"சைக்கிள்ல ஒரு அம்மா. புல்லுக்கட்டு வச்சிருந்தாங்க. கிட்ட போற வரைக்கும் தெரியல. எதிர்ல வந்த பஸ்காரன் வேற டிம் அடி, டிம் அடின்னு லைட்டைச் சிமிட்டிக்கிட்டே வர்றான். நான் டிம்லதான் வரேன்."

"லைட்டுல ஏதாவது..."

"லைட்டு புதுசு. கண்ணுதான் பழசு. விடு."

அன்று சாப்பிட்டதும் அவள் தலைமையாசிரியைக்குக் கடிதம் எழுதினாள். நான்கே வரிகள். மேசையில் கிடந்ததைப் படித்தேன். 'விருப்பமில்லை' என்று எழுதி, அடித்து, 'இயலவில்லை' என்று திருத்தியிருந்தாள். நான் பல ஆண்டுகளாகச் சொற்களைப் படித்துக்கொண்டிருப்பவள். அப்படியொரு திருத்தத்தை எந்தக் கையெழுத்துப் படியிலும் கண்டதில்லை.

மறுநாள் வெள்ளி. இருள் முழுதும் பிரியாத காலை. அம்மா சந்தனத்தைக் கிண்ணத்தில் குழைத்து வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். இன்று பொட்டு வைக்கவும் அவளுக்கு மனம் வராதோ என்று நினைத்து, நானே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கார் நிறுத்திய கூரையடிக்குப் போனேன். குனிந்து விரலை நீட்டியவள் அப்படியே நின்றேன்.

வைக்க இடமில்லை. போன வாரத்துப் பொட்டு அப்படியே இருந்தது. அதன் அடியில் அதற்கு முந்தைய வாரத்தது. அதற்கும் அடியில் முதல் வெள்ளியில் வைத்தது. பனியில் குழைந்து, சாலைத் தூசியைப் பிடித்துக்கொண்டு, ஒன்றின்மேல் ஒன்றாக ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்தது. விபூதி வெண்படலமாக விளக்கின் மூடி முழுவதும் படர்ந்திருந்தது.

உதிரவே இல்லை. ஏன் உதிரவில்லை?

சாவியைத் திருப்பி விளக்கைப் போட்டேன். எதிரே இருந்த சுவரில் அந்த விளிம்பைத் தேடினேன், இல்லை. பால் கலங்கியதுபோல ஒரு வெண்மை, மேலும் கீழும் பேதமின்றிப் பரவியிருந்தது. பேருந்து ஓட்டுநர் ஏன் சிமிட்டினார் என்று புரிந்தது. சில நிமிடங்கள் காத்திருந்து மூடியின் மேல் கையை வைத்தேன்.

குளிர்ந்திருந்தது.

சிறுவயதில் ஒருமுறை, எரிந்துகொண்டிருந்த ஹெட்லைட்டைத் தொட்டுக் கையை உதறியிருக்கிறேன். அந்தச் சூட்டை உடல் மறக்கவில்லை. இப்போது அதைவிடப் பலமடங்கு வெளிச்சம் என் விரல்களின் இடுக்கில் சிவந்து வழிந்துகொண்டிருந்தது; உள்ளங்கையிலோ மார்கழிப் பனியின் ஈரம் மட்டும். காரின் உள்ளிருந்து அந்தச் சின்ன விசிறியின் முனகல் கேட்டது. சூடெல்லாம் பின்னாடி பூடும். வெளிச்சமும் வெப்பமும் ஒன்றையொன்று பிரிந்து, எதிரெதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தன. நெருப்பு என்ற சொல்லுக்குள் அவை சேர்ந்தே இருக்கும் என்று நான் எண்ணியிருந்தேன். கையை எடுக்கத் தோன்றாமல் அப்படியே நின்றேன்.

இத்தனை ஆண்டுகளாக, வாரந்தோறும் சந்தனத்தைக் காயவைத்து, வெடிக்கவைத்து, உதிர்த்துவந்தது அந்த மயிரிழைக் கம்பியின் சூடு.

"என்னடி பண்றே, பேட்டரி போகப்போகுது!" அம்மா ஈரத்தலையோடு வந்து நின்றாள்.

"இங்கே கையை வச்சுப் பாரும்மா."

வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். "லைட்டு எரியுதுல்ல?"

"எரியுது. சூடு பின்பக்கம் போகுது. அதனால பொட்டு உதிரல. மூணு வாரமும் அப்படியே இருக்கு. உன் கண்ணை மறைச்சது இதுதான்."

அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது அவளுக்கு. "சாமி எடுத்துக்கிச்சுன்னு சொல்லிக்கிட்டிருந்தேனே! பல்புல்ல எடுத்துட்டிருந்திருக்கு!"

சிரிப்பு ஓய்ந்தபின் கை தயங்கியது. துடைப்பது எப்படி? சற்று யோசித்தாள். "கோயில்லயும் சந்தனக்காப்பு சாத்தினா மறுநாள் அபிஷேகம் உண்டுல்ல?" என்று, யாரிடமோ அனுமதி கேட்பதுபோலச் சொல்லிவிட்டு, உள்ளே போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் ஊற்றினாள், நான் தேய்த்தேன். மஞ்சளும் சிவப்புமாக நீர் தரையில் ஓடியது. சுவரில் அந்த விளிம்பு, முதலில் ஒரு துண்டாக, பிறகு முழுதாகத் திரும்பிவந்தது.

ஆனாலும் கடிதம் அவள் கைப்பையில்தான் போயிற்று. "சாயந்தரம் ஓட்டிப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்றாள்.

அன்று மாலை நானும் பேருந்தில் கல்பாக்கம் போய், பள்ளி வாசலில் காத்திருந்தேன். ஆறு மணிக்கு அவள் வந்தபோது, கார்க் கதவு வரை மூன்று மாணவிகள் சந்தேகம் கேட்டுக்கொண்டே வந்தார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது.

வழக்கமான பாதையை விட்டு, கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போய், அங்கிருந்து திருக்கழுக்குன்றம் திரும்பினாள். உப்புக்காற்றில் மிதந்த ஈரம் வெளிச்சத்தில் பொடிப்பொடியாக மின்னியது. சவுக்குத் தோப்பின் அடிமரங்கள் வரிசை வரிசையாக நகர்ந்து எங்களைக் கடந்தன. எதிரே வந்த ஒரு வண்டியும் சிமிட்டவில்லை. மலைமேல் கோயில் விளக்கைப் பார்த்ததும் வழக்கம்போல் ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஏரிக்கரை வளைவுக்கு வெகுமுன்னே, சாலையின் நடுவில் இரண்டு பச்சைப் புள்ளிகள்.

"தெரியுதா?" என்று கேட்க வாயெடுத்தேன்.

"பார்த்துட்டேன்" என்றாள் அம்மா. கால் ஏற்கெனவே பிரேக்கில் இருந்தது. கொம்பு, திமில், மடக்கிய முன்னங்கால் எல்லாம் துலங்கும் தொலைவில் காரை நிறுத்தினாள். அதே கறுப்பு மாடாகத்தான் இருக்க வேண்டும். அது எங்களைப் பார்த்தது. இம்முறை சாவகாசமாக எழுந்து, ஓரம் போய் நின்றது. அம்மா அதைத் தாண்டும்போது ஜன்னல் வழியே பார்த்து, "நன்றிம்மா" என்றாள்.

வீட்டில் கார் நின்றதும், காலையில் குழைத்த சந்தனம் மீந்திருந்த கிண்ணத்தை எடுத்துவரச் சொன்னாள். வெள்ளிக்கிழமை முடியவில்லையே. இரண்டு விளக்குகளுக்கும் நடுவே, பானெட்டின் முனையில், ஒரே ஒரு பொட்டு வைத்தாள். கைதுடைக்கத் துணியில்லை. கைப்பையைத் திறந்து, நான்காக மடித்திருந்த அந்தக் காகிதத்தை எடுத்தாள். சந்தனம் படிந்த விரல்களை ஒவ்வொன்றாக அதில் அழுத்தித் துடைத்துவிட்டு, கசக்கி என்னிடம் நீட்டினாள்.

"குப்பைல போட்டுடு" என்றாள்.